சீரியல்ல ஒரே வேலையை ரெண்டு பேர் பிரிச்சுப் பார்க்க முடியுமா?

#1 தேரடி_மேகலா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதுறது இதான் முதல் தடவை.

நான் ஒரு மெகா சீரியல்ல கன்டின்யூட்டி பார்க்குற அசிஸ்டென்ட், அதாவது முந்தின ஷாட்ல இருந்த உடை, பொட்டு, நகை எல்லாம் அடுத்த ஷாட்லயும் அப்படியே இருக்கான்னு பார்க்குறது என் வேலை. வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், ஷூட்டிங் வீடு போரூர் தாண்டி. பையனுக்கு ரெண்டரை வயசு. இதுவரைக்கும் மாமியார் பார்த்துக்கிட்டாங்க, இப்ப அவங்களுக்கே மூட்டு ஆபரேஷன். எங்க யூனிட்ல முன்ன வேலை பார்த்த தோழி ஒருத்தி கொருக்குப்பேட்டையில இருக்கா. குழந்தை பொறந்ததுல இருந்து அவளும் வீட்டோட. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு யோசனை பண்ணோம். மாசத்துக்கு ரெண்டு ஷெட்யூல் வருது, ஒவ்வொண்ணும் தொடர்ந்து பத்து பன்னெண்டு நாள் ஷூட்டிங். ஒண்ணை நான் பார்க்குறேன், அடுத்ததை அவ பார்க்கட்டும். சம்பளம் ஆளுக்குப் பாதி. புரொடக்‌ஷனுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

மேனேஜர்கிட்ட கேட்டேன். "அப்ப ஆளுக்கொரு இடத்துல பொட்டு வைப்பீங்களா?"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டார்.

நம்ம பக்கத்துல யாராச்சும் இப்படிச் செஞ்சிருக்கீங்களா? என்ன பேசினா ஒத்துப்பாங்க?

#2 வியாசை_லைட்

ஹீரோயினையே மாத்திட்டு "இவருக்குப் பதில் இவர்"னு கீழ ஒரு வரி போட்டு ஓட்டுறாங்க. ஜனங்க அன்னிக்கு ராத்திரியே ஏத்துக்குது. கன்டின்யூட்டிக்கு ரெண்டு பேர்னா மட்டும் கதை நின்னுடுமாம்!

தங்கச்சி, லைட்மேன் பக்கம் இது காலங்காலமா நடக்குது, யாரும் பேர் வைக்கல, அவ்வளவுதான். வீட்ல விசேஷம்னா மச்சானையோ பக்கத்து வீட்டு ஆளையோ மாத்து ஆளா அனுப்புவோம். சங்க கார்டு இருந்தா போதும், லைட்டைத் தூக்க எந்தக் கை தூக்குதுன்னு கேமராவுக்குத் தெரியாது. ஆனா உன் வேலை அப்படி இல்ல. உன் தலைக்குள்ள இருக்குற விஷயத்தை இன்னொருத்தி தலைக்கு மாத்தணும்.

#3 மேனேஜர்_மணலி

நானும் புரொடக்‌ஷன் மேனேஜர்தான்மா. உங்க மேனேஜர் இல்ல, கவலைப்படாதீங்க.

அவர் சிரிச்சது தப்பு. ஆனா மறுக்கக் காரணம் இருக்கு. சீன் எல்லாம் வரிசையாவா எடுக்குறோம்? முதல் ஷெட்யூல்ல ஹால்ல சண்டை எடுப்போம். அதே சண்டைக்கு மாமியார் ரியாக்‌ஷன் க்ளோசப், அந்த நடிகையோட டேட் கிடைக்காம அடுத்த ஷெட்யூலுக்குப் போகும். ஹால்ல நீங்க இருந்தீங்க, க்ளோசப்புக்கு உங்க தோழி இருப்பாங்க. முந்தானை எந்தப் பக்கம், தாலிச் செயின் ரவிக்கைக்கு வெளிய இருந்ததா உள்ள போயிருந்ததான்னு டைரக்டர் கத்தும்போது "அது அவ பார்த்த சீன் சார்"னு பதில் வந்தா நான் என்ன பண்றது?

அடுத்தது, ராத்திரி பதினொரு மணிக்கு எடிட்ல இருந்து போன் வரும், இந்த சீனுக்கு ஓகே டேக் எதுன்னு. யாருக்கு அடிக்கிறது? அன்னிக்கு "லீவு"ல இருக்குறவங்க எடுப்பாங்களா? எடுத்தா அது லீவா?

அப்புறம் "ஒரு பைசா செலவில்லை"ன்னு சொல்றீங்களே, அதை நான் நம்ப மாட்டேன். ஷெட்யூல் மாறுறப்ப ரெண்டு பேரும் ஒரு அரை நாளாவது சேர்ந்து உட்காரணும். அந்த அரை நாள் பேட்டா (தினக்கூலி) யாரு தலையில? நாளைக்கு சங்கத்துல இருந்து ஒருத்தர் வந்து கேட்டா மாட்டுறது நான்.

#4 காசிமேடு_காஸ்ட்யூம்

மேனேஜர் தம்பி, காஸ்ட்யூம்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். நீங்க சொல்ற முந்தானை, தாலி எல்லாத்தையும் இப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கா? போன்தான் வச்சிருக்கு. ஸ்லேட்டை (சீன் நம்பர் எழுதின பலகை) ஆர்ட்டிஸ்ட் நெஞ்சுக்கு நேரா பிடிச்சு முன்னால, பின்னால, ரெண்டு பக்கம்னு நாலு போட்டோ. காது, கழுத்து, கை க்ளோசப்ல தனி. சீன் நம்பர் போட்டோவுக்குள்ளயே விழுந்துடும், யாரு எடுத்தான்னு தேடவே வேணாம்.

போட்டோல சிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பூ. காலையில வச்ச மல்லி மத்தியானம் லைட்டு சூட்டுல ஓரம் பழுத்துடும். சரம் எத்தனை முழம், ஒத்தையா இரட்டையா, ஜடையில எந்தப் பின்னல்ல குத்தினோம், மாஸ்டர் ஷாட் (சீனை முழுசா எடுக்குற ஷாட்) முடிஞ்சப்புறம் புதுச்சரம் மாத்துனோமா, இதெல்லாம் எழுதி வைக்கலேன்னா நான் ஒருத்தியே பார்த்தாலும் சொதப்பும். கண்ணாடி டம்ளர்ல தண்ணி எவ்வளவு இருந்துச்சுங்கறதும் இதே கதைதான். எழுதி வச்சா யாரு வேணா பார்க்கலாம். எழுதாம "எல்லாம் என் தலையில இருக்கு"ன்னு சொல்ற அசிஸ்டென்ட் ஒருத்தர் எங்க செட்ல இருந்தார். அவருக்கு டெங்கு வந்த வாரம் பாதி சீனை ரீஷூட் பண்ணோம். அங்க ஒரே ஆள்தானே இருந்தார்?

#5 பெரம்பூர்2லண்டன்

பெரம்பூர்ல பொறந்து வளர்ந்து, இப்ப லண்டன்ல டிவி டிராமாவுல புரொடக்‌ஷன் கோ-ஆர்டினேட்டர். நானே ஒரு வேலையில பாதி. அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

இங்க இதை "ஜாப் ஷேர்"னு சொல்றாங்க. வாரத்துல அஞ்சு நாள் ஷூட்னா, நாங்க ஆளுக்கு மூணு நாள். ஒரு நாள் ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம். அந்த ஒரு நாள் கூடுதல் கூலியை கம்பெனிதான் தருது. ரெண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. யாருக்கு எழுதுறோம்னு வெளியாள் யோசிக்கவே வேணாம், அன்னிக்கு டியூட்டியில இருக்குறவங்க பதில் போடுவாங்க. மணலி அண்ணே கேட்ட பதினொரு மணி போனுக்கு இதான் பதில்: ஆளுக்கு நம்பர் கொடுக்காதீங்க, வேலைக்கு ஒரு நம்பர் கொடுங்க. அந்த போனும் ஷெட்யூல் மாறுறப்ப கை மாறட்டும்.

இது தானா வந்துடல. "ரெய்சிங் பிலிம்ஸ்"னு ஒரு அமைப்பு 2015ல ஆரம்பிச்சாங்க, குழந்தை வளர்க்குற சினிமாக்காரங்களுக்காக. "ஷேர் மை டெல்லி ஜாப்"னு இன்னொண்ணு, டிவியில ஜோடி சேர்ந்து வேலை தேடுறவங்களுக்காகவே நடக்குது. 2024 ஏப்ரல் 6ல இருந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "எனக்கு வேலை நேரத்தை மாத்திக் கொடுங்க"ன்னு கேட்க சட்டப்படி உரிமை உண்டு. முன்னெல்லாம் 26 வாரம் முடிஞ்சாத்தான் கேட்கலாம். ஆனா கவனிங்க, கேட்கத்தான் உரிமை. சட்டத்துல இருக்குற காரணம் ஒண்ணைக் காட்டி முதலாளி மறுக்கலாம். அதுவும் கம்பெனி ஊழியரா இருக்குறவங்களுக்குத்தான். எங்க தொழில்ல நிறையப் பேர் ஃப்ரீலான்ஸ்தான், அவங்களுக்கு இது கிடையாது. அதனால இங்கயும் கடைசியில மேனேஜர் மனசு வச்சாத்தான் நடக்குது.

மேகலா, ஒண்ணு மட்டும். "உங்களுக்குப் பைசா செலவில்லை"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அதைச் சொன்ன நிமிஷமே ஒப்படைக்கிற நேரம் உங்க ரெண்டு பேரோட இலவச உழைப்பா ஆயிடும்.

#6 ராயபுரம்_ரகளை

லண்டன்ல ஆளுக்கு மூணு நாளு. இங்க டெலிகாஸ்ட்டுக்கு முந்தின நாள்தான் எபிசோடே கைக்கு வருது. ஜாப் ஷேராம்! குழந்தை இருக்குறவங்க வீட்ல இருக்க வேண்டியதுதானே, நாங்க எல்லாம் வேலை இல்லாம உட்கார்ந்திருக்கோம்.

#7 காசிமேடு_காஸ்ட்யூம்

ராயபுரம், உனக்கு வேலை இல்லாததுக்கும் அவ குழந்தைக்கும் என்னப்பா சம்பந்தம்? யோசிச்சுப் பாரு, ஒரு வேலையில ரெண்டு பேருக்கு இடம்னா உன் மாதிரி வெளிய நிக்கிறவனுக்கும் ஒரு கதவு திறக்குது.

#8 ஹார்பர்_பேரன்

சினிமா ஆள் இல்லை நான். தாத்தா, அப்பா ரெண்டு பேரும் மெட்ராஸ் ஹார்பர். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா எங்க வீட்ல இது பழைய பேச்சு.

கப்பல் வேலையும் சினிமா வேலை மாதிரிதான். ஒரு வாரம் மூணு கப்பல் நிக்கும், அடுத்த வாரம் கடல்தான் தெரியும். ஆரம்பத்துல மேஸ்திரி கேட்ல நின்னு கை காட்டுறவனுக்குத்தான் கூலி. அவனுக்கு வெத்தல பாக்கு வாங்கிக் கொடுத்தவன் பேர் முதல்ல வரும். 1948ல டாக் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் டாக் லேபர் போர்டு. பதிவு பண்ண ஆளுங்க எல்லாருக்கும் வரிசை. புக்கிங்ல இன்னிக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. முறை வந்து கப்பல் இல்லேன்னாலும் ஆஜர் கொடுத்ததுக்கு ஒரு தொகை. மாசத்துக்கு இத்தனை நாள் கூலி கட்டாயம்னு ஒரு அடி மட்டம். தாத்தா அந்த அடி மட்டத்தை நம்பித்தான் சீட்டு கட்டினார், மூணு பொண்ணைக் கட்டிக் கொடுத்தார்.

அது பொற்காலம்னு சொல்ல வரல. கன்டெய்னர் வந்ததும் ஆளே வேணாம்னு ஆயிடுச்சு, அது வேற கதை. நான் சொல்றது இதுதான்: இருக்குற வேலையை முறை வச்சுப் பங்கிட்டுக்கிட்டு, யாரும் பட்டினி கிடக்காம ஒரு தொழிலை நடத்தலாம்னு இதே ராயபுரத்துல நடத்திக் காட்டியாச்சு. லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்ல.

#9 வியாசை_லைட்

ஹார்பர் தம்பி எழுதினது முழுக்க சரி. ஆனா நம்ம ஏரியாவுல இன்னொரு பழக்கமும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். பதிலி.

எங்க அப்பா பின்னி மில்லு. (மில்லு மூடினப்புறம் பெரம்பூர்ல அந்த இடத்துல ஃபைட் சீனுக்கு நானே லைட் தூக்கி நிறுத்தியிருக்கேன், அப்பா பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.) நிரந்தர ஆள் வரலேன்னா அவன் இடத்துல நிக்கிறவன் பதிலி. காலையில கேட்ல வந்து நிப்பான். கூப்பிட்டா உள்ள, கூப்பிடலேன்னா வீட்டுக்கு. பத்து வருஷம் அதே தறியில நின்னவன்கூட பதிலியாவே ரிட்டயர் ஆனான். வேலை அதேதான், போனஸ் லிஸ்ட்ல பேரைத் தேடினா இருக்காது. 1918லயே இந்தியாவுல முதல்ல சங்கம் கட்டின மில்லுல இது நடந்துச்சு. பி.பி. வாடியா, திரு.வி.க. மாதிரி சங்கத் தலைவருங்க எல்லாம் வந்து பேசின இடம் அது.

அதனால தங்கச்சிக்கு நான் சொல்றது. நீயும் அவளும் வாய்ப்பேச்சுல பிரிச்சுக்கிட்டீங்கன்னா, மேனேஜர் கண்ணுல நீதான் ஆளு, அவ உன் பதிலி. உனக்கு உடம்பு சரியில்லாத நாளும் அவளைத்தான் அனுப்பச் சொல்வான், கூலி கேட்டா "அது உங்களுக்குள்ள"ம்பான். நாளைக்கு நீ வேற சீரியலுக்குப் போனா அவ தெருவுல. ரெண்டு பேர் பேரும் பேப்பர்ல இருந்தாத்தான் அது பங்கு. லைட்மேன் பக்கம் நாங்க பண்றது பங்கு இல்ல, பதிலிதான். முன்ன பெருமையா சொன்னேனே, அந்த மச்சானுக்கு ஒரு தடவை செட்ல கால்ல அடிபட்டுச்சு. கார்டு என் பேர்ல இருந்ததால ஆஸ்பத்திரி செலவைக் கேட்கக்கூட வழியில்லாம போச்சு.

#10 மேனேஜர்_மணலி

வியாசை அண்ணே, இன்சூரன்ஸ் விஷயம் ரொம்பச் சரி. லிஸ்ட்ல இல்லாத ஆள் செட்டுக்குள்ள நிக்கிறதே எங்களுக்கு வயித்துல புளி.

மேகலா, காஸ்ட்யூம் அக்கா சொன்ன போட்டோ முறை உங்க செட்ல ஏற்கெனவே இருக்கா? இருந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆனா எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். ஷெட்யூலுக்கு ஷெட்யூல் மாறுறது நல்லதா, இல்ல ஒரே ஷெட்யூல்ல நாளைப் பிரிக்கிறது நல்லதா? என்னைக் கேட்டா முதல்ல சொன்னதுதான். ஒரே வாரத்துக்குள்ள ரெண்டு கன்டின்யூட்டின்னா ஒரே அடுப்புல ரெண்டு மருமக சமைக்கிற மாதிரி, உப்பு ரெண்டு தடவை விழும்.

#11 தேரடி_மேகலா

போட்டோ இருக்கு அண்ணா, ஆனா என் சொந்த போன்ல. நோட்டு கையால எழுதுறது, எனக்கு மட்டும் புரியுற எழுத்து. காஸ்ட்யூம் அக்கா சொன்னதைப் படிச்சப்புறம் நேத்து ஒரு சீனை முழுசா எழுதி, போட்டோவோட தோழிக்கு அனுப்பி, "இதை வச்சு அடுத்த ஷாட்டை ரெடி பண்ண முடியுமா"ன்னு கேட்டேன். மூணு கேள்வி கேட்டா. வளையல் எந்தக் கையில எத்தனை, அழுத சீனா இருந்தா மை கலைஞ்சது எந்த அளவு, வாசல்ல செருப்பு யாரோடது. மூணுமே நான் எழுதாத விஷயம்.

நாளைப் பிரிக்கிறது எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா ஒரே ஷெட்யூல் முழுக்க விடியக்காலை கிளம்பினா பையனை அந்தப் பத்து பன்னெண்டு நாள் தூங்குறப்ப மட்டும்தான் பார்ப்பேன். அதுக்கு இன்னும் வழி தெரியல.

#12 வண்ணை_வக்கீல்

தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

சினிமாத் தொழிலாளருக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும் என்பது 1981 சட்டத்திலேயே உண்டு. ஆனால் அது முழுநீளத் திரைப்படத்துக்கு. சீரியல்காரர்கள் வெளியே நின்றார்கள். 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் டிவி, இணையத் தொடர், ரியாலிட்டி ஷோ எல்லாம் உள்ளே வந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதனால் "சீரியலுக்கு ஏதுங்க அக்ரிமென்ட்" என்று யாராவது சொன்னால் அந்தக் காலம் போய்விட்டது. இருவரும் தனித்தனி ஒப்பந்தம் கேளுங்கள். ஒரே தாளில் இரண்டு கையெழுத்து வேண்டாம், ஒருவர் விலகினால் மற்றவருடையதும் ஆட்டம் காணும்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. பேறுகாலச் சம்பளத்துக்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 1961 சட்டத்தின் கணக்கு இது. 2017 திருத்தத்தில் விடுப்பு 26 வாரம் ஆனது. இப்போது இவை சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிருக்கின்றன, 80ம் 26ம் மாறவில்லை. முழு வேலையில் 80 நாள் நான்கு மாதத்துக்குள் வந்துவிடும். வேலையைப் பாதியாக்கினால் ஏழு எட்டு மாதம் ஆகும். அதற்குள் டிஆர்பி இல்லை என்று சீரியலை முடித்துவிட்டால், அல்லது வேறு கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டால், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து. அடுத்த குழந்தை யோசனை இருப்பவர்கள் ஹாஜர் தாளை மாதாமாதம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எத்தனையோ பேர் வேலை செய்யும் ஷூட்டிங் வீடுகளில் ஒன்றில்கூட நான் பார்த்ததில்லை.

#13 எடிட்_டேபிள்

காப்பகத்தை விடுங்க சார், ஒழுங்கான பாத்ரூம் இருக்கான்னு கேளுங்க. கேரளாவுல சினிமாப் பெண்களோட நிலைமையை விசாரிச்ச ஹேமா கமிட்டி ரிப்போர்ட் 2019 கடைசியில கொடுத்து 2024 ஆகஸ்ட்லதான் வெளிய வந்துச்சு. எல்லாரும் அதுல இருந்த மத்த விஷயத்தைப் பத்தியே பேசினாங்க. ஷூட்டிங் ஸ்பாட்ல பெண்களுக்கு டாய்லெட் இல்லங்கறதும், அதனால தண்ணி குடிக்காம இருக்காங்கங்கறதும் அதே ரிப்போர்ட்லதான் இருந்துச்சு.

என் பக்கம் சொல்றேன். நான் எடிட்டர், புதுவண்ணாரப்பேட்டை. கொரோனா சமயத்துல வீட்டுலயே சிஸ்டம் போட்டுக் கொடுத்தாங்க, அதுல இருந்து வாரத்துல பாதி நாள் வடபழனி போறதில்லை. ராத்திரி நெட் வேகமா இருக்கும்போது ஃபுட்டேஜ் இறங்கும், காலையில குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டு உட்காருவேன். ஆனா நேரம் வளைஞ்சு கொடுக்குதுங்கறது ரெண்டு பக்கமும் வெட்டும். "வீட்லதானே இருக்கீங்க, இந்த ப்ரோமோவை மட்டும் முடிச்சுக் கொடுங்களேன்"னு ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் வரும். செட்ல வேலை முடிஞ்சா பேக்கப்னு ஒருத்தர் கத்துறார்ல, வீட்ல அதுக்கு ஆள் இல்ல.

#14 வியாசை_லைட்

உங்களுக்கு நெட்டு. எங்களுக்கு ஜெனரேட்டர் வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியுமா? 😄

அந்தக் கொரோனா பேச்சு வந்ததால சொல்றேன். 2020 ஜூன்ல சீரியல் ஷூட்டிங்குக்கு 60 பேருக்கு மேல கூடாதுன்னு உத்தரவு. எங்க யூனிட்ல லைட்மேன் பாதிதான் உள்ள போகலாம். அப்ப நாங்களே பேசி ஒரு ஷெட்யூல் இவங்க, அடுத்த ஷெட்யூல் அவங்கன்னு லிஸ்ட் போட்டோம். மேனேஜரே அந்த லிஸ்டைக் கையெழுத்துப் போட்டு ஒட்டி வச்சார். அதுல ஒருத்தரும் பதிலி இல்ல, எல்லார் பேரும் இருந்துச்சு. அப்புறம் தடை எடுத்ததும் லிஸ்டையும் கிழிச்சுட்டாங்க.

#15 ஃபோகஸ்_கொடுங்கையூர்

அசிஸ்டென்ட் கேமராமேன். எல்லாரும் வேலையைப் பிரிக்கிறதைப் பேசுறீங்க, நேரத்தைப் பத்தி யாரும் பேசல. கால்ஷீட், அதாவது ஒரு நாள் வேலை நேரம், எட்டு மணி நேரம்னு பேருக்கு. தாண்டினா ஒன்றரை பேட்டா, அதையும் தாண்டினா டபுள். அந்தக் காசுக்காக நாமளே "இன்னும் ரெண்டு ஷாட் போடலாம் சார்"னு நிக்கிறோம். இதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

1997ல அமெரிக்காவுல ஒரு அசிஸ்டென்ட் கேமராமேன் பத்தொன்பது மணி நேர ஷூட் முடிச்சு காரை ஓட்டிட்டு வீட்டுக்குப் போறப்ப தூங்கி விழுந்து செத்தார். ஹாஸ்கல் வெக்ஸ்லர்னு பெரிய ஒளிப்பதிவாளர், ஆஸ்கர் வாங்கினவர், அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் பன்னெண்டு மணி நேரம் வேலை, பன்னெண்டு மணி நேரம் ஓய்வுன்னு பிரசாரம் பண்ணார். 2021ல அங்க 60 ஆயிரம் பேர் ஸ்டிரைக் வாசல் வரைக்கும் போய்த்தான் ரெண்டு நாளுக்கு நடுவுல பத்து மணி நேர ஓய்வை எழுதி வாங்கினாங்க. இங்க தீபிகா படுகோன் எட்டு மணி நேரம்னு பேசினதுக்கே 2025 முழுக்கத் திட்டினாங்க. ஆம்பள நடிகர்கள் வருஷக்கணக்கா அப்படித்தான் வேலை பார்க்குறாங்க, அது செய்தி ஆகலன்னு அவங்க திருப்பிக் கேட்டதுக்கு யாரும் நேரா பதில் சொல்லல.

நான் பைக்ல வர்றவன். பேக்கப் ஒரு மணிக்கு, கொடுங்கையூர் சேர ரெண்டு. ஆறு மணி கால்ஷீட்னா நாலரைக்கு எழுந்திருக்கணும். மெட்ரோ எங்களுக்கு இல்ல, ஒற்றியூர்காரங்களுக்கு இருக்கு, அதுவும் காலையில அஞ்சு மணிக்குத்தான் முதல் வண்டி. சென்ட்ரல்ல மாறி வடபழனி போய் அங்க இருந்து போரூர் தாண்டணும்னா ஆறு மணி கால்ஷீட்டுக்கு எப்படிப் போறது? மேகலா கேட்டதுக்கு என் யோசனை: வேலையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பிக்கப் வேன் கேளுங்க. வட சென்னைக்கு யூனிட் வண்டி வரவே வராது, "கோயம்பேடுல நில்லுங்க"ம்பாங்க.

#16 பெரம்பூர்2லண்டன்

ஃபோகஸ் சொன்னதோட ஒண்ணு சேர்க்குறேன். இங்க சில செட்ல தனியா சாப்பாட்டு இடைவேளை விடாம, கையில தட்டோட முறை வச்சுச் சாப்பிட்டு, பத்து மணி நேரத்துல மொத்தமா முடிச்சுடுவாங்க. ஒரு மணி நேரம் முன்னால வீட்டுக்குப் போகலாம். குழந்தை இருக்குறவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெருசு. ஆனா கேட்டரிங், லைட் ஆளுங்களுக்கு முறை சரியா வரலேன்னு சண்டையும் உண்டு.

#17 வியாசை_லைட்

அது இங்க வேணாம் சாமி. சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் நாங்க உட்காருறதே. அதையும் பிடுங்கிடாதீங்க.

#18 தேரடி_மேகலா

எல்லாருக்கும் நன்றி. தோழியும் நானும் உட்கார்ந்து ஒரு பேப்பர் எழுதியிருக்கோம். வக்கீல் சார், மணலி அண்ணா, பார்த்துச் சொல்லுங்க.

ஷெட்யூலுக்கு ஷெட்யூல்தான் மாறுறோம், நாளைப் பிரிக்கல. ஷெட்யூல் மாறும்போது முதல் நாள் மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் செட்ல இருப்போம், அந்த அரை நாளுக்கு ரெண்டு பேருக்கும் பேட்டா. "செலவில்லை"ங்கற வார்த்தையை எடுத்துட்டோம். கம்பெனி ஒரு பழைய போனும் சிம்மும் கொடுக்கணும், போட்டோ எல்லாம் அதுல. எடிட்ல இருந்து வர்ற போன் அதுக்கு மட்டும்தான். நோட்டுக்குப் பதில் அச்சடிச்ச தாள், அதுல பூ, வளையல், மை, செருப்பு, டம்ளர் எல்லாத்துக்கும் கட்டம் போட்டாச்சு. (காஸ்ட்யூம் அக்கா "வியர்வை"க்கும் ஒரு கட்டம் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்.) ஆளுக்குத் தனி ஒப்பந்தம், ஹாஜர்ல ரெண்டு பேர். ஒருத்தருக்கு உடம்பு முடியலேன்னா மத்தவங்க வரணும்னு கட்டாயம் இல்ல, வந்தா அந்த நாள் முழுச் சம்பளம் வந்தவங்களுக்கு. மூணு மாசம் பார்த்துட்டு சரி வரலேன்னா பழையபடி.

கடைசியா, டைட்டில் கார்டுல ரெண்டு பேர் பேரும். இதுல தோழி பிடிவாதமா இருக்கா. முன்ன ஒரு சீரியல்ல மூணு மாசம் வேலை பார்த்து பேர் வராம போயிடுச்சு, அந்தக் கோபம்.

#19 வண்ணை_வக்கீல்

நன்றாக இருக்கிறது. "சரி வரலேன்னா பழையபடி" என்பதை மட்டும் மாற்றுங்கள். பழையபடி என்றால் யாருக்கு முழு வேலை? அதை இப்போதே எழுதாவிட்டால் மூன்று மாதம் கழித்து நீங்கள் இருவரும்தான் எதிரெதிரே நிற்பீர்கள்.

#20 மேனேஜர்_மணலி

நானா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்மா, போனுக்கும் சிம்முக்கும் மட்டும் கொஞ்சம் முனகிட்டு. உங்க மேனேஜர் அரை நாள் பேட்டாவுல பேரம் பேசுவார், விடாதீங்க. அந்த அரை நாள் இல்லேன்னா மொத்தமும் வீண், அதை அவருக்கு ரீஷூட் கணக்குல சொல்லுங்க, உடனே புரியும். டைட்டில் கார்டு அவர் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. அது சேனல்ல பேசணும். ஒரு கார்டுல ஏற்கெனவே எட்டுப் பேர் ஓடுது, ஒன்பதாவது பேருக்கு எழுத்தைச் சின்னதாக்கணும்பாங்க. ஆக்கட்டும்.

ராயபுரம் தம்பி, நீங்க என்ன வேலை பார்த்தீங்க? ஆர்ட் டிபார்ட்மென்ட்னா தனிச் செய்தி அனுப்புங்க, என் செட்ல ஒருத்தர் பாதி நாள்தான் வர முடியும்னு சொல்லியிருக்கார்.

#21 ராயபுரம்_ரகளை

ஆர்ட்தான் சார். அனுப்பிட்டேன்.

#22 நிர்வாகி

வட சென்னைக்கு பிக்கப் வேன் பத்தின பேச்சைத் தனி இழையாப் பிரிச்சிருக்கேன். எந்த ஏரியா, எத்தனை மணி கால்ஷீட், பேக்கப் முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போறீங்கங்கறதை அங்க எழுதுங்க. கம்பெனி பேர் போட வேண்டாம். மேகலா, மேனேஜர் என்ன சொன்னார்னு இங்கயே போடுங்க.